இரண்டரை என்றே வாசிக்க வேண்டும்

என் மனைவி பிறந்த ஊர் குன்றாண்டார்கோவிலுக்குப் பக்கம். நான் என்ன வேலை பார்க்கிறேன் என்பதை அந்த ஊரில் ஒருவருக்கும் விளங்கவைக்க முடிந்ததில்லை. கல்யாணமான புதிதில் என் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், பந்தியில் பலர் இருக்கும்போதே கேட்டார்.

"மாப்ள, கம்ப்யூட்டர்ல அப்படி என்னதான் பண்றீங்க?"

ஆராய்ச்சிக் கட்டுரைகளுக்குப் பக்கம் கட்டுகிறேன், அதில் வருகிற அட்டவணைகளை ஒழுங்குபண்ணிக் கொடுக்கிறேன் என்றேன். அவருக்குப் பிடிபடவில்லை. கட்டம் கட்டமாக இருக்குமே, அதுதான் என்று விரலால் இலையில் கோடு இழுத்துக் காட்டினேன்.

"அட, கட்டம் போடுறீங்களா! அதை முன்னாடியே சொல்ல வேண்டியதுதானே?"

அன்றோடு ஊர் முழுக்க நான் கட்டம் போடுகிறவன் ஆகிவிட்டேன். அடுத்த முறை போனபோது ஒரு பெரியவர் பேத்தியின் ஜாதகத்தை மஞ்சள் பையில் எடுத்துவந்து என் முன்னால் உட்கார்ந்துவிட்டார். "செவ்வாய் எங்கிட்டு இருக்குன்னு மட்டும் சொல்லுங்க, போதும்" என்றார். எனக்குத் தெரியாதுங்க என்றேன். "கட்டம் போடத் தெரியுமாம், பார்க்கத் தெரியாதாம்" என்று முணுமுணுத்துக்கொண்டே எழுந்து போனார். அடுப்படியில் என் மனைவி சிரித்த சிரிப்பில் கையிலிருந்த குழம்புக் கரண்டி கீழே விழுந்தது.

எனக்குப் படிப்பு பத்தாவது வரைதான். புதுக்கோட்டையில் ஓர் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகையும் கோவில் திருவிழா நோட்டீசும் டைப் அடித்துக்கொண்டிருந்தவன். கூட வேலைபார்த்த ஒருவர் வெளியூர்க் கம்பெனி ஒன்றைக் காட்டிவிட்டார். அவர்களே சொல்லிக்கொடுத்து, வீட்டிலிருந்தே செய்கிற மாதிரி வேலையும் கொடுத்தார்கள். திருக்கோகர்ணத்தில் எங்கள் வீட்டு முன்னறையில், சாமி படங்களுக்குக் கீழே கம்ப்யூட்டர் இருக்கிறது. காலையில் குளித்து, விபூதி பூசி, அம்மனைக் கும்பிட்ட பிறகுதான் அதன் சுவிட்சில் கை வைப்பேன். என் சாப்பாடு அதிலிருந்து வருகிறது. அதற்கு முன்னால் கைகூப்பாமல் உட்கார எனக்கு மனசு வராது.

நான் வேலை செய்வது லேட்டெக் என்ற மென்பொருளில். அதில் பக்கத்தைக் கண்ணால் பார்த்து மவுஸால் இழுத்து நகர்த்த முடியாது. இன்ன இடத்தில் இன்னது வர வேண்டும் என்று கட்டளையாக எழுதிக்கொடுத்தால், அதுவே பக்கத்தைக் கட்டித் தரும். கோடு போட, நிறம் கொடுக்க, படம் வைக்க என்று ஒவ்வொன்றுக்கும் யாரோ புண்ணியவான்கள் எழுதிவைத்த துணைக் கட்டளைத் தொகுப்புகள் உண்டு. பேக்கேஜ் என்போம். வேண்டிய பேக்கேஜைக் கோப்பின் மேல்பகுதியில், அதாவது தலைப்பில், வரிசையாக எழுதி அழைத்துக்கொள்ள வேண்டும்.

கட்டுரையில் இருக்கிற இங்கிலீஷ் எனக்கு முழுசாகப் புரியாது. ஆனால் எண்கள் புரியும். எண்கள் நிற்கிற நிலை புரியும். ஒன்றின் கீழ் ஒன்றாக, புள்ளிக்கு நேர் கீழே புள்ளியாக ஒரு பத்தி எண்கள் இறங்கிவந்தால், தேர் வடம் நேராக இழுபட்ட மாதிரி எனக்கு ஒரு நிறைவு. அதைப் பார்த்து ரசிக்க இந்தப் பக்கம் ஆள் கிடையாது. நான் கட்டிய பக்கங்கள் எல்லாம் எங்கோ கடல் தாண்டிப் போய்விடும். ஊரில் ஒருவர் கையிலாவது என் வேலை இருக்க வேண்டும் என்ற ஆசை மட்டும் உள்ளே கிடந்தது.

அது போன வருஷம் நடந்தது. நடத்திவைத்தது எங்கள் வீட்டு ஆடுகள்.

கொல்லையில் என் மனைவி சில ஆடுகள் வளர்க்கிறாள். ஒன்றுக்குக் கழிச்சல் என்று மாட்டாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். அங்கே ஒரு டாக்டரம்மா, சின்ன வயசு, கைராசிக்காரர் என்று பேர். பேச்சுவாக்கில் அவர் சொல்லியிருக்கிறார்: குன்றாண்டார்கோவில் பக்கத்துக் கிராமங்களில் ஆடுகளுக்குக் குடல்புழு மருந்து கொடுக்கும் முகாம் வைக்கப்போகிறோம், மருந்தைக் கொடுத்துவிட்டு வந்தால் அடுத்த தடவை அவர்களாகவே கொடுக்கும்போது அளவைக் குழப்பிவிடுகிறார்கள், ஆட்டின் எடைக்கு எவ்வளவு மருந்து என்று ஓர் அட்டை அடித்து, ஆட்டுப் பட்டிக்குப் பட்டி மாட்டிவிட வேண்டும். என் மனைவி சும்மா இருப்பாளா?

"அதுக்கு ஏன் வெளியில அலையுறீங்க டாக்டரம்மா? எங்க வீட்டுக்காரரு நாள் முச்சூடும் அதைத்தானே பண்றாரு."

வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னபோது அவள் முகத்தில் இருந்த கெத்தைப் பார்க்க வேண்டும். "எங்க ஊருக்குப் போற அட்டை. ஒழுங்காப் போடுங்க. எங்க அண்ணன் பட்டியிலதான் மொதல்ல மாட்டணும்."

பெரிய வேலை இல்லை. இடது பக்கம் ஆட்டின் எடை, வலது பக்கம் மருந்தின் அளவு. ஒரு தாளில் இரண்டு அட்டை, நடுவில் கத்தரித்துக்கொள்ள, விட்டு விட்டுப் போகிற துண்டுக் கோடு. வரிசைகளுக்கு நடுவிலும் அதே மாதிரி கோடு. அதற்கென்று இருக்கிற கோட்டுப் பேக்கேஜை அழைத்துக்கொண்டேன். அளவு எண்களைப் பழைய முறையில் இரண்டு பத்தியாகப் பிரித்தேன். முழு எண் ஒரு பத்தியில் வலதுபுறம் ஒட்டி நிற்கும். புள்ளிக்குப் பின்னால் வருவது அடுத்த பத்தியில் இடதுபுறம் ஒட்டி நிற்கும். நடுவில் இடைவெளியே இல்லாமல் ஒரு புள்ளியை வைத்துத் தைத்துவிட வேண்டும். பார்க்கிறவருக்கு இரண்டு பத்தி என்றே தெரியாது. 2.5, 5.0, 7.5, 10.0 என்று புள்ளிக்குக் கீழ் புள்ளி இறங்கிவரும். முதல் காப்பி அப்படித்தான் வந்தது. டாக்டரம்மாவுக்கு அனுப்பினேன்.

"அருமையா இருக்குண்ணே. குட்டிகளுக்கு உள்ள வரிசை மட்டும் லேசா மஞ்சள்ல வருமா? கண்ணுல பட்டுன்னு படணும்."

வரும் என்றேன். நிறம் கொடுக்கிற பேக்கேஜைத் தலைப்பில் கடைசி வரியாகச் சேர்த்தேன். மஞ்சள் வந்தது. திரும்ப அனுப்பினேன். அவர் போனிலேயே பார்த்துவிட்டு, எண்ணெல்லாம் சரிதான், பிரிண்டுக்குக் கொடுத்துவிடுங்கள் என்றார். மறுநாள் விட்டு அடுத்த நாள் முகாம். அச்சகத்தில் அன்று சாயங்காலத்துக்குள் ஃபைல் வேண்டும் என்றார்கள்.

அனுப்புவதற்கு முன்னால் வீட்டு பிரிண்டரில் ஒன்று எடுத்து மேசையில் வைத்திருந்தேன். என் மனைவி டீயோடு வந்தவள் அதைக் கையில் எடுத்து, தன் வழக்கப்படி சத்தம்போட்டு வாசித்தாள்.

"பத்து கிலோ ஆட்டுக்கு ரெண்டு வேளை, அஞ்சு மில்லி. ஏங்க, பூச்சி மருந்து ஒரு வேளைதானே குடுப்பாங்க?"

"ரெண்டரை மில்லி புள்ள அது. என்னத்தை வாசிக்கிறே?"

"எங்க ரெண்டரை? இங்கிட்டு ரெண்டு இருக்கு, அங்கிட்டு அஞ்சு இருக்கு. நடுவுல ஈ உட்கார்ந்த மாதிரி ஒரு பொட்டு. இதுக்குக் கீழ பாருங்க. இருபது கிலோவுக்கு அஞ்சு வேளை, சைபர் மில்லி. அஞ்சு வேளையும் ஒண்ணும் குடுக்காம பட்டினி போடணுமா?"

வாங்கிப் பார்த்தேன். இரண்டுக்கும் புள்ளிக்கும் நடுவில் இடைவெளி. புள்ளிக்கும் ஐந்துக்கும் நடுவில் இன்னும் ஓர் இடைவெளி. எனக்கும் டாக்டரம்மாவுக்கும் அது இரண்டரை என்று முன்னாலேயே தெரியும். அதனால் கண் தானாகச் சேர்த்து வாசித்துவிட்டது. எங்கள் பக்கத்து மருந்துக்கடையில் மாத்திரைக் கவரின் மேல் முதலில் எத்தனை வேளை, பிறகு எவ்வளவு என்று எழுதித்தான் கொடுப்பார்கள். அதை வாசித்துப் பழகிய எந்த வீட்டிலும் இந்த அட்டையை இப்படித்தான் வாசிப்பார்கள். இரண்டரை மில்லி குடிக்க வேண்டிய குட்டிக்குப் பத்து மில்லி போய்விடும்.

"எங்க மயினி எழுத்துல என்ன இருக்கோ அதை அப்படியே செய்யுற ஆளு. பட்டியில இப்பத்தான் குட்டி போட்டுக் கிடக்கு" என்றாள் என் மனைவி. இப்போது அவள் சிரிக்கவில்லை. மயினி என்றது அவள் அண்ணன் மனைவியை.

உட்கார்ந்தேன். கோப்பில் எண்கள் எல்லாம் சரியாக இருந்தன. கம்ப்யூட்டர் எந்தத் தப்பும் சொல்லவில்லை. தப்பு என்று ஒரு வரி சொல்லியிருந்தாலாவது அதன் வாலைப் பிடித்துக்கொண்டு போயிருப்பேன். எல்லாம் நன்றாக நடந்தது என்று சொல்லிவிட்டு, தப்பான பக்கத்தைக் கொடுத்தது. இடைவெளியைக் கையால் இழுத்துச் சுருக்கிப் பார்த்தேன். மஞ்சள் வரிசையில் சேர்ந்துவிட்டது. வெள்ளை வரிசையில் புள்ளி ஐந்தின் தலைமேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டது. வெள்ளையைச் சரிபண்ணினால் மஞ்சள் விலகியது. வரிசை வரிசையாக ஒட்டுப்போட்டு எப்படியோ ஒரு பக்கத்தைத் தேற்றினேன். அதைப் பார்க்க எனக்கே பிடிக்கவில்லை. நாளைக்கு ஒரு வரிசை கூடினாலும் எல்லாம் மறுபடி கலைந்துபோகும்.

"பேசாம ரெண்டரைன்னு எழுத்துல எழுதிருங்களேன்" என்றாள் என் மனைவி. நல்ல யோசனையாகத்தான் பட்டது. டாக்டரம்மாவைக் கூப்பிட்டு, விஷயத்தை ஒளிக்காமல் சொன்னேன்.

"நல்லவேளைண்ணே. நான் பார்த்தும் எனக்குத் தோணலை பாருங்க. அக்காவுக்கு நான் நன்றி சொன்னேன்னு சொல்லுங்க. ஆனா எழுத்துல வேணாம். சிரிஞ்சுல 2.5ன்னு எண்ணுலதான் கோடு போட்டிருக்கும். அட்டையில இருக்கிறதும் சிரிஞ்சுல இருக்கிறதும் ஒரே மாதிரி தெரிஞ்சாத்தான் அவங்க வச்சுப் பார்த்து எடுப்பாங்க."

அதுவும் நியாயம். எண்தான் வேண்டும், எண் ஒன்றாகச் சேர்ந்து நிற்க வேண்டும். இதற்கு நடுவில் அச்சகத்திலிருந்து போன். "என்னண்ணே, ஃபைல் வரலையே?" புள்ளி விலகியிருக்கிறது என்றேன். "ஒரு புள்ளிக்கா இம்புட்டு நேரம்? நம்ம அடிக்காத புள்ளியா?" என்று சிரித்தார். என் அச்சகக் காலத்துக் கூட்டாளிதான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் நெற்றியைப் பிடித்துக்கொண்டு இருப்பதைப் பார்த்து என் மனைவி சொன்னாள்: "என்னமோ காணாமப் போன மாதிரி உட்கார்ந்திருக்கீங்க. என்ன காணோம்?"

"ரெண்டோட ஒட்டியிருந்த அரையைத்தான் காணோம்."

"அரையைக் காணோம்னா அரைக்காசு அம்மன்கிட்டத்தானே கேட்கணும்? கோவிலைப் பக்கத்துல வச்சுக்கிட்டு."

எங்கள் ஊர் அம்மனுக்கு அப்படி ஒரு பெயர். சாவி தொலைந்தாலும் தோடு தொலைந்தாலும் வெல்லம் வைக்கிறேன் தாயே என்று நேர்ந்துகொண்டால் கிடைத்துவிடும் என்பது இங்கே எல்லா வீட்டிலும் உள்ள நம்பிக்கை. அவள் கேலிக்குத்தான் சொன்னாள். எனக்கு அது கேலியாகப் படவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு நடந்தேன். கம்ப்யூட்டரில் விலகிப்போன ஒரு புள்ளியை அம்மனிடம் எந்த வார்த்தையில் கேட்பது என்று தெரியவில்லை. கடைசியில், தாயே, அந்தக் குட்டிகளுக்கு ஒன்றும் ஆகக் கூடாது, எங்கே தப்பு என்று எனக்குக் காட்டு, உனக்கு வெல்லம் வைக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். பிரகாரத்தைச் சுற்றிவந்து, கொஞ்ச நேரம் தூணோரம் உட்கார்ந்து எழுந்தேன். மனசு தெளிந்திருந்தது, விடை ஒன்றும் கிடைக்கவில்லை.

வீட்டுத் தெருவுக்குள் நுழையும்போது டாக்டரம்மாவின் போன்.

"அண்ணே, ஒரு சந்தேகம். நீங்க மொதல்ல அனுப்புனதை இப்ப எடுத்துப் பார்த்தேன். அதுல புள்ளி சரியா ஒட்டித்தானே இருக்கு? மஞ்சள் கேட்டப்புறம்தான் இப்படி ஆச்சோ? நான்தான் கெடுத்துட்டனா?"

நின்றுவிட்டேன். நான் எண்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். எண்கள் இருந்த இடத்தில்தான் இருந்தன. இடையில் புதிதாகக் கோப்புக்குள் வந்தது நிறம் ஒன்றுதான். அம்மன் காட்டியதுதான் இது என்று நான் நம்புகிறேன். டாக்டரம்மாவிடம் சொன்னால் சிரிப்பாரோ என்று சொல்லவில்லை. "நீங்க கெடுக்கலைங்க, கண்டுபிடிச்சுக் குடுத்துட்டீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தேன்.

எந்தெந்தப் பேக்கேஜ் உள்ளே வந்தது என்று கம்ப்யூட்டர் எழுதிவைக்கிற பதிவைத் திறந்ததும் தெரிந்தது, நிறப் பேக்கேஜ் தனியாக வருகிற ஆள் இல்லை. கல்யாணத்துக்கு ஒருவரை அழைத்தால் சொல்லாமல் இன்னொருவரையும் கூட்டிவருவாரே, அந்த மாதிரி. அட்டவணைப் பத்திகளைத் தன் போக்கில் மாற்றி எழுதுகிற வேறொரு பேக்கேஜையும் அது கையோடு கூட்டிவந்திருந்தது. நான் அழைக்காத ஆள். என் தலைப்பு வரிசையில் அதன் பெயரே இல்லை. விட்டு விட்டுப் போகிற கோட்டைப் போடும் பேக்கேஜும் அதே பத்திகளில்தான் கை வைக்கும். ஆனால் அது எல்லாருக்கும் கடைசியாக வந்தால்தான் மற்றவர் செய்ததையும் பார்த்து, அனுசரித்து நடந்துகொள்ளும். நானோ அதை முதலில் உட்காரவைத்து, நிறத்தைக் கடைசியில் சேர்த்துவிட்டேன். கோவிலில் விபூதி யாருக்கு முதலில் கொடுப்பது என்று இரண்டு பேர் முறைத்துக்கொண்டால் நடுவில் நிற்கிற குருக்கள் பாடு திண்டாட்டம் ஆகுமே, அப்படி இரண்டுக்கும் நடுவில் என் புள்ளி அகப்பட்டுக்கொண்டது. இடைவெளி வேண்டாம் என்று நான் சொன்னதை ஒன்று கேட்டது, இன்னொன்று கேட்கவில்லை.

போட்டிருந்த ஒட்டுகளை எல்லாம் அழித்தேன். அழிக்கும்போதே பாரம் இறங்கியது. கோட்டுப் பேக்கேஜின் வரியை எடுத்து, நிறத்துக்குக் கீழே, எல்லாவற்றுக்கும் கடைசியில் வைத்தேன். வேறு ஒன்றும் செய்யவில்லை. முருகா என்று சொல்லி ஓடவிட்டேன். மஞ்சள் இருந்தது. கோடு இருந்தது. 2.5 என்று ஓர் எண்ணாக நின்றது. அதன் கீழே 5.0, அதன் கீழே 7.5, அதன் கீழே 10.0. புள்ளிக்குக் கீழே புள்ளி.

கடல் தாண்டிப் போன எத்தனையோ அட்டவணைகளை நான் நேராக நிறுத்தியிருக்கிறேன். அவற்றில் வரிசை வரிசையாக எண்களும் குறிகளும் பிதுங்கும். இந்தச் சின்ன அட்டையைப் பார்த்தபோது வந்த பெருமிதம் அவற்றில் ஒன்றிலும் வந்ததில்லை. ஆனாலும் என் கண்ணை நான் அன்று நம்பவில்லை. பிரிண்ட் எடுத்து என் மனைவியிடம் நீட்டினேன். ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை.

"பத்து கிலோவுக்கு ரெண்டரை. இருபதுக்கு அஞ்சு. முப்பதுக்கு ஏழரை" என்றவள் நிமிர்ந்து பார்த்தாள். "ஏழரைன்னு போட்டிருக்கீங்களே, எங்க அண்ணன் சனின்னு பயந்துக்கப் போவுது."

"ஆட்டுக்குத்தானே ஏழரை, ஒங்க அண்ணனுக்கா?" என்றேன். பிறகுதான் அச்சகத்துக்கு அனுப்பினேன். மறுநாள் காலையில் முதல் வேலையாகக் கோவிலுக்கு வெல்லம் கொண்டுபோனேன்.

முகாமுக்கு நாங்கள் இரண்டு பேரும் போனோம். பால் சொசைட்டிக் கொட்டகைக்கு முன்னால் ஆடுகளும் ஆட்களுமாக ஒரே இரைச்சல். டாக்டரம்மா ஒவ்வொரு வீட்டுக்காரரிடமும் அட்டையையும் ஊசி இல்லாத சிரிஞ்சையும் கொடுத்து, நீங்களே படித்துப் பார்த்து எடுங்கள், நான் பக்கத்தில் நின்று பார்க்கிறேன் என்றார். மச்சான் குட்டியைத் தூக்கித் தராசில் வைத்தார். பத்துக் கிலோவை ஒட்டி நின்றது. மயினி அட்டையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். என் மனைவி என் முழங்கையை இறுகப் பிடித்திருந்தது அப்போது எனக்குத் தெரியவே இல்லை.

"பத்து கிலோ… மஞ்சள்ல இருக்கு. ரெண்டரை" என்றார் மயினி. சிரிஞ்சை எடுத்து, அட்டைக்குப் பக்கத்தில் வைத்து, அதிலிருந்த எண்ணையும் இதிலிருந்த எண்ணையும் மாறி மாறிப் பார்த்தார். மருந்தை உறிஞ்சி, வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். "டாக்டரம்மா, இந்தக் கோடுதானே?"

"அதேதான்க்கா. கன கரெக்ட்."

மச்சான் குட்டியின் வாயைப் பிளந்து பிடித்துக்கொண்டே அட்டையை எட்டிப் பார்த்தார். "யாரு போட்டது இதை? பளிச்சுன்னு இருக்கே."

"எங்க வீட்டுக்காரரு" என்றாள் என் மனைவி. பக்கத்துப் பட்டிக்காரர்களுக்கும் கேட்கிற மாதிரி கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள்.

மச்சான் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப எனக்கு இன்னொண்ணு வேணும் மாப்ள. மேலப் பட்டியில மாட்ட."

குட்டி மருந்தை விழுங்கி, ஒரு செருமல் செருமிவிட்டுத் தாயைத் தேடி ஓடியது. அடுத்த ஆடு பெரியது, கொம்பை ஆட்டிக்கொண்டு முரண்டுபிடித்தது. நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதைப் பிடிக்கப் போனேன்.